மேட்டை நோக்கி நகர்ந்த முளை

முளை மேட்டை நோக்கி நகராது. சரிவில் மண் போவதற்கு ஒரு திசைதான் உண்டு. ஆனால் நான் அடித்த ஆறாம் இலக்க இரும்பு முளை முப்பத்தாறு நாளில் நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் மேலே ஏறியிருந்தது.

நாடாவின் மறுமுனையைப் பாறையில் அழுத்திப் பிடித்திருந்த மஹ்மூத் சத்தமிட்டார்.

"சேர், மல மேலுக்கு ஏறுதா? உலகம் முடியிற கியாமத்து நாள் வந்திட்டுதோ?"

"இன்னொரு தரம் பிடிங்க."

"மூணு தரம் பிடிச்சாச்சு. நாடாக்குப் பொய் சொல்லத் தெரியா சேர்."

மஹ்மூத் ஹுன்னஸ்கிரிய டவுனில் த்ரீவீல் ஓட்டுபவர். பெட்ரோலுக்கு கியூஆர் அட்டை வந்த வருடம் அது. மண்சரிவு ஆராயும் எங்கள் திணைக்களத்து ஜீப் ஒரு மாதமாக அசையவில்லை. குண்டசாலையிலிருந்து பஸ்ஸில் வந்து டவுனில் அவருடைய வண்டியைப் பிடித்தேன். வாடகைக்குள் நாடா பிடிப்பதும் அடங்கும் என்று அவரே சொல்லிவிட்டார்.

ஏழாம் முளை பக்கவாட்டில் அறுபது சென்டிமீட்டர் போயிருந்தது. இரண்டாம் முளை நிலத்தில் ஓடும் விரிசலுக்கு மேலே, அசையவே கூடாத மண்ணில், இடதுபுறம் ஒரு முழம் தள்ளி நின்றது. ஐந்தாவதும் எட்டாவதும் ஒன்றையொன்று நெருங்கியிருந்தன. பன்னிரண்டு முளையில் பத்து, பத்துத் திசையில் போயிருந்தன.

மலை இப்படி நடக்காது. இது கை வேலை.

அன்று செவ்வாய்க்கிழமை. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம். வியாழன் மாலை இந்தப் பக்கம் கனமழை தொடங்கும் என்று அறிவித்திருந்தார்கள். அதற்குள் எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். இந்த நிலம் நகர்கிறதா, இல்லையா? நகர்கிறது என்றால் கீழே தொழிலாளர் லயத்தில் இருக்கும் இருபத்திரண்டு குடும்பத்தையும் புதன்கிழமைக்குள் கிளப்பியாக வேண்டும்.

அந்த இடத்துக்குப் பெயர் மேட்டுக்காடு டிவிஷன். தேயிலைத் தோட்டத்தின் கடைசிப் பிரிவு. மலைச்சரிவின் நடுவில் ஒரு ஏக்கர் அளவுக்குச் சமதளமான புல்வெளி. தோட்டத்தில் பொட்டல் என்பார்கள். பொட்டலுக்கு மேலே பிறை போல வளைந்த செங்குத்துச் சரிவு. கீழே பணிய லயம், ஒரே வரிசையில் ஒட்டிய இருபத்திரண்டு காம்பரா, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. பொட்டலில் நின்றால் தூரத்தில் விக்டோரியா நீர்த்தேக்கம் தெரியும். கல்யாணச் சோடிகள் கண்டியிலிருந்து படம் எடுக்க வருவார்கள்.

நான்கு மாதம் ஜாவாவில் பயிற்சிக்குப் போயிருக்கிறேன். எரிமலைத் தீவு. அங்கே பார்க்கப் போகிற அழகெல்லாம் ஒரு காலத்தில் விழுந்தவை. வட்டமான ஏரி என்றால் வாய் இடிந்து உட்கார்ந்த எரிமலை. சரிவின் நடுவே தட்டையான வயல் என்றால் மேலிருந்து வழுக்கி வந்து நின்ற மண். நில நடுக்கம் வந்தால் அது மறுபடி புறப்படும். அங்குள்ளவர்களுக்கு இது தெரியும். மலை புகைகிறது, தரை ஆடுகிறது, மறக்க முடியாது.

இலங்கை எரிமலைத் தீவு அல்ல. இங்குள்ள பாறை, மறைந்துபோன மலைகளின் அடியில் ஐம்பது கோடி வருடத்துக்கு முன் வெந்து இறுகியது. பிறகு மேலெழுந்தது. மழை அரித்தது. சுண்ணாம்புப் பளிங்கு கரைந்து தும்பறைப் பள்ளத்தாக்கு ஆனது. கரையாத படிகப் பாறை முகடாக நின்றது. இங்கே காட்சி என்பது கரைந்தது போக நின்ற மிச்சம். ஆனால் சரிவின் நடுவே சமதளம் என்றால் இங்கும் ஜாவாவிலும் ஒரே பொருள்தான். அந்தப் பொட்டல், பிறைச் சரிவிலிருந்து எப்போதோ பெயர்ந்து வந்து பாதியில் நின்ற மண். இருபது அடி ஆழம்.

இரண்டு வருடத்துக்கு முன் திகன பக்கம் சில தடவை நிலம் அதிர்ந்தது. சிறிய அதிர்வுகள். ஓடு கடகடத்தது, சுவரில் வெடிப்பு விழுந்தது. பொட்டலின் மேல் விளிம்பில் விரிசல் வந்தது அதனால்தானா என்று எனக்குத் தெரியாது. அறிக்கையிலும் தெரியாது என்றே எழுதினேன். விரிசல் நகர்கிறதா என்பதை மட்டும் அறிய முடியும். அதற்குத்தான் முளைகள். இரும்புக் கம்பி, தலையில் சிவப்பு மை. விரிசலுக்கு மேலே மூன்று, கீழே ஒன்பது. மேலே உள்ள பாறையில் இரண்டு சிலுவைக் குறி வெட்டி, ஒவ்வொரு முளைக்கும் இரண்டு குறியிலிருந்தும் தூரம் எடுத்தேன். பாறை நகராது. முளை நகர்ந்தால் கணக்கில் தெரிந்துவிடும்.

ஒரு வாரத்தில் திரும்ப வந்திருக்க வேண்டும். முப்பத்தாறு நாள் கழித்துத்தான் வந்தேன்.

தொலைபேசியில் மேலதிகாரியைக் கூப்பிட்டேன். சொன்னேன்.

"எத்தனை முளையை நம்பலாம்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இரண்டு. மேலே ஒன்று, அசையவில்லை. கீழே ஒன்று, சரிவின் திசையில் நேராகப் பதினொரு சென்டிமீட்டர். கக்கூசுக் குழிக்குப் பக்கத்தில் இருப்பது. அதை மட்டும் யாரும் தொடவில்லை என்று நினைக்கிறேன்."

"நினைக்கிறாயா?"

"ஆமாம்."

"வீரசிங்கம், ஒரு முளையை வைத்து இருபத்திரண்டு குடும்பத்தைக் கிளப்ப முடியாது. நான் கையெழுத்துப் போட்டாலும் தோட்டத்தில் கேட்பார்கள். மற்றப் பத்து முளையும் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். ஐந்து எண்ணாவது கொண்டு வா."

நியாயமான பேச்சு. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எழுத்தில் உத்தரவு இல்லாமல் தோட்ட நிர்வாகம் மக்கள் தங்கப் பழைய ஃபெக்டரியைத் திறக்காது, வேலைக்கு வராத நாளுக்குப் பேர் போடாது. பேர் இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை, யாரும் கிளம்ப மாட்டார்கள்.

பகல் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் பெண்கள் பொட்டல் ஓரமாக லயத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்கு முன்னால் வந்தவள் பேச்சியம்மா. மூன்றாம் காம்பரா. நாற்பது வயது இருக்கும். கணவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. போன தடவை நான் முளை அடிக்கும்போது என்னோடு பேசியவள் அவள் ஒருத்திதான். அவளுக்குப் பின்னால் தொழிற்சங்கத் தலைவர் மூக்கையா வந்தார். கம்பளிச் சட்டை, காதில் செருகிய பேனை.

"என் முளையை யார் பிடுங்கி நட்டது?" என்று கேட்டேன்.

பெண்கள் விக்டோரியாத் தண்ணீரைப் பார்த்தார்கள்.

"மாடு முட்டியிருக்கும் ஐயா," என்றார் மூக்கையா.

"பத்து முளையையும்?"

"கெட்டிக்கார மாடு," என்றார் மஹ்மூத். "முட்டிட்டுத் திருப்பி நட்டும் வெச்சிருக்குது."

ஒரு பெண் சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஆறாம் முளைக்குப் பக்கத்தில் இரண்டு வாழைக்கன்று நட்டிருந்தது. ஏழாம் முளையைச் சுற்றி மரவள்ளிக் குச்சி. எனக்கு அப்போதும் விளங்கவில்லை. வாழையைப் பார்த்தேன், குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தேன்.

"சாப்பிட்டீங்களா சார்?" என்றாள் பேச்சியம்மா.

"இல்லை."

"வாங்க. ரொட்டி இருக்கு. வயித்தக் காயப் போட்டுட்டு விசாரிச்சா ஒன்னும் வராது."

லயத்து வாசலில் உட்கார வைத்தார்கள். தட்டில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். மஹ்மூத் தன் பொதியைப் பிரித்தார். பெண்கள் கூடையை இறக்கிவிட்டு நின்றார்கள். நான் வேகமாகச் சாப்பிட்டேன். நேரம் பன்னிரண்டரை.

"யாரு ஒங்களுக்குச் சமைக்கிறது? எலும்பா இருக்கீங்க."

"நான்தான்."

"வீட்டுல பொம்பளை இல்லையா?"

"இல்லை."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அழகம்மா என்ற வயதில் குறைந்தவள், "அப்ப எட்டாம் காம்பரா டீச்சர் பொண்ணக் காட்டுவமா?" என்றாள்.

"நர்சரி டீச்சர் சார். செவத்த புள்ள. கோபம் மட்டும் கொஞ்சம் வரும்," என்றாள் பேச்சியம்மா. "படிச்ச மாப்பிள்ளைதான் வேணும்னு நிக்கிறா. மலையை அளக்கிறவருன்னா அவளையும் அளந்து நடத்துவீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மஹ்மூத் சிரிக்கவில்லை. வரும் வழியில் அவரும் இதே கேள்விகளைக் கேட்டு மூன்றாவதில்தான் உண்மையை என்னிடமிருந்து வாங்கியிருந்தார்.

"தாத்தா, அந்தக் கதைய விடுங்க," என்றார் பேச்சியம்மாவிடம். அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா.

"ஏன், எங்க புள்ளைக்கு என்னா கொறை?"

"ஜனவரியில செத்துட்டா," என்றேன். "காய்ச்சல். அஞ்சு நாள்."

சிரிப்பு நின்றது. அழகம்மா தலையைக் குனிந்தாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்து மாதமாக அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது ஒன்றும் ஆவதில்லை. இராஜகுமாரி என்ற என் மனைவியின் பெயரைச் சொன்னாலும் ஆவதில்லை. ரொட்டியைப் பிய்த்தேன்.

பேச்சியம்மா மட்டும் குனியவில்லை. சம்பல் கையை இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கில் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து குந்தினாள்.

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன சார்? இல்லைன்னு ஒரு சொல்லு சொன்னா நாங்க என்னான்னு எடுத்துக்கிறது? கண்ணாலம் கட்டாத ஆளுன்னுதானே எடுத்துக்குவோம்?"

"ஆமாம்."

"பாருங்க, இப்பவும் ஒரு சொல்லு. அன்னைக்கும் இப்படித்தான். கூடையோட வந்து, எதுக்கு சார் குச்சி அடிக்கிறீங்கன்னு கேட்டேன். என்னா சொன்னீங்க?"

எனக்கு ஞாபகம் இருந்தது.

"அளக்கன்னு சொன்னேன்."

"அளக்க. அவ்வளவுதான். தோட்டத்துல குச்சி அடிச்சு வேற எதை அளப்பாங்க? அதே மாசந்தான் எம்.பி. வந்து இந்தப் பொட்டலக் காட்டி, குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி, தனி வீடுன்னுட்டுப் போனாரு. அடுத்த வாரம் நீங்க சிவப்புக் குச்சியோட வாறீங்க."

மூக்கையா காதிலிருந்து பேனையை எடுத்து மறுபடி செருகினார்.

விளங்கிவிட்டது. நூற்றைம்பது வருடமாகப் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் இருந்தவர்கள். ஒரு பேர்ச் நிலமும் சொந்தமில்லை. அவர்கள் கண்ணுக்கு என் முளைகள் வீட்டுக் காணியின் மூலைகள். ஒவ்வொரு மூலையையும் ஒரு சாண், ஒரு முழம் என்று நகர்த்தித் தங்கள் பக்கத்தை அகலப்படுத்தியிருக்கிறார்கள். அடுத்தவள் திருப்பித் தள்ளியிருக்கிறாள். முப்பத்தாறு நாளாக இங்கே சத்தமில்லாத ஒரு காணிச் சண்டை நடந்திருக்கிறது.

தட்டைக் கீழே வைத்தேன். இது என் வேலையில் நேர்ந்த தவறு. பாறையில் குறி வெட்டினேன், தூரம் எடுத்தேன், மில்லிமீட்டர் எழுதினேன். அங்கே வாழ்கிறவர்களுக்கு ஒரு சொல்தான் கொடுத்தேன்.

எழுந்து நின்று பேசினேன். அவ்வளவு நீளமாக நான் பேசிப் பல மாதம்.

"இது காணிக் குச்சி இல்ல. இந்தப் பொட்டல் முந்தி ஒரு காலத்துல மேல இருந்து வழுக்கி வந்த மண்ணு. அதான் தட்டையா இருக்கு. அதான் இங்கருந்து காட்சி நல்லா தெரியுது. அடியில பாறை, இந்தப் பக்கம் வெளியில சாஞ்சு கிடக்கு. மேல இருபது அடி மண்ணு. விரிசலுக்குள்ள தண்ணி எறங்கினா மண்ணு மறுபடி பொறப்படும். பொறப்பட்டா நேரா இந்த லயத்து மேலதான் வரும். அது நகருதா இல்லையான்னு பாக்கத்தான் குச்சி."

"ரொட்டிய அடுக்கித் தட்டைச் சாய்ச்ச மாதிரி," என்றார் மூக்கையா.

"அதேதான். நடுவுல தண்ணி ஊத்தின மாதிரி."

"அப்ப அந்த எரிமல?" என்று அழகம்மா கேட்டாள். "விக்டோரியாத் தண்ணிக்குள்ள எரிமலை இருக்குன்னு போன்ல வந்துச்சு."

"இல்ல. இந்த நாட்டுல எரிமலை இல்ல. நமக்கு மழையே போதும்."

பேச்சியம்மா இடுப்பில் கை வைத்தாள்.

"நாங்க கேக்கிற எடமெல்லாம் சரியும். தொரை பங்களா இருக்கிற எடம் மட்டும் சரியாது. என்ன சார்?"

"சரியாது."

"பாத்தீங்களாடி, வாயக் கூசாமச் சொல்றாரு!"

"அது முகட்டுல இருக்கு. ரெண்டடி தோண்டினா பாறை. அந்தப் பக்கம் அடுக்கு மலைக்குள்ள சாஞ்சிருக்கு. வெள்ளைக்காரன் எடம் தெரிஞ்சு கட்டினானா, காத்துக்காகக் கட்டினானான்னு எனக்குத் தெரியாது. ஆனா நல்ல எடம்."

பேச்சியம்மா, நான் பொய் சொல்கிறேனா என்று பார்த்தாள். பிறகு பொட்டலைப் பார்த்தாள். அவளுடைய வாழைக்கன்று அங்கிருந்து தெரிந்தது.

"இப்ப என்னா வேணும்?"

"நான் அடிச்ச எடம் வேணும். குச்சியைப் பிடுங்கின துளை அங்கதான் இருக்கும். நான் ரெண்டடி ஆழத்துக்கு அடிச்சேன். நீங்க நட்டது ஒரு சாண் இருக்கும். பழைய துளையைக் கை தள்ளியிருக்காது. நகர்ந்திருந்தா மலைதான் நகர்த்தியிருக்கும். அஞ்சு துளை கிடைச்சா இன்னிக்கே உத்தரவு வாங்கலாம். நானாத் தேடினா ரெண்டு நாள் போகும். வியாழக்கிழமை மழை."

பெண்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒதுங்கினார்கள். எனக்குக் காரணம் தெரிந்தது. துளையைக் காட்டுவது என்றால் நான் அடுத்தவள் காணியைத் திருடினேன் என்று அடுத்தவள் முகத்துக்கு முன்னால் சொல்வது. அதோடு வீட்டுக் காணி இல்லை என்று ஒப்புக்கொள்வது. சரிவில் எந்த மண் முதலில் அசையும் என்று என்னால் சொல்ல முடியும். இதில் யார் முதலில் அசைவார்கள் என்று தெரியவில்லை.

பேச்சியம்மா என்னை விட்டுவிட்டுப் பெண்களின் பக்கம் திரும்பினாள்.

"ஆறாம் குச்சிய நான்தான் புடுங்கினேன். ஒரு முழம் மேல வச்சேன். ராக்கம்மா திருப்பி வச்சா. நான் மறுபடி வச்சேன். போதுமா? இப்ப எவ எவ புடுங்கினாளோ வாங்கடி."

"நானா திருப்பி வச்சேன்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. ராக்கம்மா. "நீ என் பக்கத்துல வாழைய நட்டா நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

"வாழையத் தாறேன், தலையில கட்டிக்க. துளையக் காட்டு மொதல்ல."

"நீ அஞ்சாம் குச்சியையும்தான் தொட்ட. அதையும் சொல்லு."

"சொல்றேன். அதையும் சொல்றேன். நீ நட!"

சண்டை போட்டுக்கொண்டே பொட்டலுக்கு ஏறினார்கள். யாரும் தயங்கித் தேடவில்லை. பேச்சியம்மா நேராகப் போய்ப் புல்லுக்குள் குதிகாலால் ஒரு இடத்தை அழுத்தி நின்றாள். ராக்கம்மா ஐந்தடி தள்ளி நின்றாள். அழகம்மா தன் மாமியார் பிடுங்கிய இடத்தில் நின்றாள். மூக்கையா எல்லோருக்கும் பின்னால் மெதுவாக நடந்து போய் ஒன்பதாம் முளையின் பழைய இடத்தில் நின்றார்.

"தலைவரும்தானா!" என்று பெண்கள் கத்தினார்கள்.

"சங்கத்துக்கு ஒரு ஆபீஸ் போடலாம்னு பாத்தேன்," என்றார்.

மஹ்மூத் புல்லில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு எழுந்து நாடாவை எடுத்துக்கொண்டு பாறைக்கு ஓடினார்.

துளைகளை மண் போட்டு அடைத்திருந்தார்கள். நீளக் கம்பியை விட்டுப் பார்த்தேன். ஒரு சாணில் நின்றால் அவர்களுடையது. இரண்டடி இறங்கினால் என்னுடையது. பேச்சியம்மாவின் குதிகாலுக்கு அடியில் கம்பி இரண்டடி இறங்கியது. எட்டுத் துளைகள் அப்படிக் கிடைத்தன. இரண்டு முளைகளைப் பிடுங்கியவர்கள் கடைசி வரை வரவில்லை. நானும் கேட்கவில்லை.

விரிசலைத் தேடிப் போனேன். அதையும் களிமண் போட்டு அடைத்து மெழுகியிருந்தார்கள்.

"வீடு கட்டுற எடத்துல பள்ளம் எதுக்குன்னு நாந்தான் அடைச்சேன்," என்றாள் ராக்கம்மா. திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள்.

"நல்ல வேலை. தண்ணி எறங்காது. நானே சொல்லியிருக்கணும்," என்றேன்.

அடைத்த களிமண்ணின் நடுவே ஒரு புதிய கோடு. என் சின்னவிரல் போகும் அளவு.

அளந்தோம். ஒவ்வொரு துளைக்கும் இரண்டு குறியிலிருந்து, இரண்டு தரம். பேச்சியம்மா ஒவ்வொருத்தியையும் அசையாமல் நிற்கச் சொல்லி அதட்டினாள். மூன்று மணிக்குக் கணக்குப் போட்டு முடித்தேன். விரிசலுக்கு மேலே இரண்டு துளை, பூச்சியம். கீழே ஆறு துளை. பத்து, பதினொன்று, பதினொன்று, பன்னிரண்டு, பதினொன்று, பத்து. கக்கூசுக் குழி முளையும் பதினொன்று. எல்லாம் ஒரே திசை. லயத்தை நோக்கி.

எண் சுத்தமாக இருந்தால் எனக்குப் பயம் வருவதில்லை.

"பொட்டல் முழுக்க ஒரே துண்டாப் போகுது," என்றேன். "நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள எல்லாரும் லயத்தை விட்டுப் போயாகணும். ஆடு, மாடு, கோழி எல்லாம்."

பேச்சியம்மா தான் நின்ற இடத்தைவிட்டு இன்னும் நகரவில்லை.

"போறோம். ஆனா காணி?"

"இங்க இல்ல."

"இங்க இல்லன்னு சொல்லியாச்சு. எங்கன்னு சொல்லுங்க. லயத்தை விட்டு எறங்கினா அதோட எங்களை மறந்துருவாங்க. ஃபெக்டரியிலயே கெடப்போம், பத்து வருசம். எது சரியும்னு அளக்கத் தெரிஞ்ச ஆளுக்கு எது சரியாதுன்னு அளக்கத் தெரியாதா?"

அது என் கடமைப் பட்டியலில் இல்லை. சொல்ல வாயெடுத்தேன். பிறகு முகட்டைப் பார்த்தேன். பங்களாவுக்குக் கிழக்கே, அதே பாறை, அதே சாய்வு, தேயிலை நட்ட மெல்லிய சரிவு. தோட்டத்தில் தேயிலைக் காணிக்கு மலை என்றுதான் பெயர்.

"அது எத்தனாம் நம்பர் மலை?"

"நாலாம் நம்பர்."

"எழுதறேன்," என்றேன். அதற்கு மேலும் சொன்னேன். "அறிக்கையில எழுதறேன். இடத்தோட பேர், பாறை, சாய்வு, எத்தனை குடும்பத்துக்குக் காணும், எல்லாம். கொடுக்கிறது என் கையில இல்ல. ஆனா இடம் இல்லைன்னு யாரும் சொல்ல முடியாதபடி எழுதறேன்."

அவள் குதிகாலை எடுத்தாள்.

நான்கு மணிக்கு மேலதிகாரியிடம் ஏழு எண்களைப் படித்தேன். அவர் இரண்டு தரம் கேட்டுவிட்டு, "போதும்" என்றார். ஐந்து மணிக்குத் தோட்ட அலுவலகத்துக்கு உத்தரவு வந்தது. புதன்கிழமை முழுவதும் அலுமாரி, கட்டில், எரிவாயு சிலிண்டர், சாமி படங்கள், தையல் மெஷின் எல்லாம் ஃபெக்டரிக்கு வண்டி ஏறின. மஹ்மூத் இருபது தடவைக்கு மேல் ஓட்டினார். அவருடைய கியூஆர் கோட்டா தீர்ந்ததும் டவுனிலிருந்து நண்பரைக் கூட்டி வந்தார். ராக்கம்மா வாழைக்கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டு போனாள். பேச்சியம்மா பார்த்துவிட்டுத் தன் கோழிக் கூட்டைத் தூக்கி வண்டியில் வைத்தாள்.

மழை சொன்ன நேரத்தில் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து இருபதுக்குப் பொட்டல் போனது. நாங்கள் ஃபெக்டரியின் கொழுந்து வாட்டும் மாடியில் நின்றிருந்தோம். முதலில் சத்தம், லொறியிலிருந்து கருங்கல் கொட்டுவது போல. பிறகு புல்வெளி அப்படியே, ஒரு மேசையை நகர்த்துவது போல, முன்னால் வந்தது. லயத்தைத் தொட்ட பிறகுதான் உடைந்தது. பதினோராம் காம்பராவிலிருந்து கடைசி வரை மண்ணுக்குள் போயிற்று. பேச்சியம்மாவின் மூன்றாம் காம்பரா நின்றது. கூரை இல்லாமல் நின்றது. மாடியில் மூக்கையா பெயர்ப் பட்டியலை உரக்கப் படித்தார். எல்லாப் பெயருக்கும் பதில் வந்தது.

பெண்கள் சிலர் அழுதார்கள். நான் அழவில்லை. மழை அளவையும் நேரத்தையும் எழுதினேன்.

திங்கட்கிழமை மழை விட்டது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், மரியாதையானவர். நிற்கிற பத்துக் காம்பராவைத் திருத்திக் கொடுக்கலாம் என்றார். மற்றவர்களுக்கு வேண்டியதைப் பிறகு பார்க்கலாம். நாலாம் நம்பர் மலை பற்றி அறிக்கையில் வாசித்ததாகச் சொன்னார், ஆனால் டிவிஷனில் நல்ல கொழுந்து வருவது அந்த மலையில்தான் என்றார். அங்கே அடியில் பாறை இருப்பதற்கு என்ன ஆதாரம், மேலோட்டமாகப் பார்த்து எழுதியதுதானே என்று என்னிடம் கேட்டார்.

கேள்வி சரியானது. நான் பதில் சொல்லத் தொடங்கினேன். சிங்களத்தில் அவருக்கும் தமிழில் மற்றவர்களுக்கும், மாறி மாறி, ஒரு வாக்கியத்தையும் விடாமல். பாறை எந்தப் பக்கம் சாய்கிறது, தண்ணீர் எங்கே போகிறது, திருத்தப் போகிற பத்துக் காம்பராவுக்கு மேலே இன்னும் எவ்வளவு மண் தொங்குகிறது, அடுத்த மழைக்கு அது என்ன செய்யும். கால் மணி நேரம் பேசினேன். துரை குறுக்கிடவில்லை. கடைசியில், "தோண்டிக் காட்ட முடியுமா?" என்றார்.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பேச்சியம்மா மண்வெட்டியோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் ராக்கம்மா, அழகம்மா, இன்னும் பதினைந்து பேர்.

தேயிலைச் செடிக்குச் சேதமில்லாமல் நிரைக்கு நடுவே குழி வெட்டச் சொன்னேன். முதல் குழியில் ஒன்றரை அடியில் மண்வெட்டி பாறையில் பட்டுத் திரும்பியது. இரண்டாவதில் இரண்டடி. துரை குனிந்து பாறையைக் கையால் தடவிப் பார்த்தார். மூன்றாவது குழிக்கு எங்கே நிற்பது என்று பேச்சியம்மா கேட்டாள். முப்பது அடி கீழே காட்டினேன். அங்கேயும் இரண்டடி.

"எத்தனை குழி வேண்டும்?" என்று துரை என்னைக் கேட்டார்.

"இருபத்திரண்டு," என்றேன். "ஒரு வீட்டுக்கு ஒன்று. ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் என்ன இருக்கிறது என்று அந்தந்த வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டும்."

அவர் தன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். அடுத்த குழியிலிருந்து மண் மேலேறி வரத் தொடங்கியது. ராக்கம்மாவும் பேச்சியம்மாவும் நாலாவது குழி யார் பக்கம் என்று ஆரம்பித்துவிட்டார்கள்.